வடிந்த வெள்ளமும் வடியாத வெள்ளமும்



ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். ஒரு வீடு இருக்கிறது. அதன் அடியில், தரைமட்டத்துக்குக் கீழே, 2 மீட்டர் ஆழமுள்ள நிலவறை ஒன்று உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தது. நிலவறை முழுவதும் நீர் நிரம்பியது. நான்கைந்து நாட்களில் வெள்ளம் வடிந்துவிட்டது. தெருவில் சேறுதான் இருக்கிறது, நீர் இல்லை. வீட்டுக்காரர் திரும்பி வருகிறார். அவரிடம் சக்தி வாய்ந்த பம்பு ஒன்று இருக்கிறது. மூன்றே மணி நேரத்தில் நிலவறை நீர் முழுவதையும் இறைத்துவிட அதனால் முடியும். அவர் என்ன செய்ய வேண்டும்?

என் வகுப்பில் இதைக் கேட்டபோது ஏறத்தாழ எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: "உடனே இறைக்க வேண்டும், சார்!" இயல்பான விடைதான். ஆனால் அந்த விடையின்படி நடந்தால் அவர் தம் வீட்டையே இழக்கக்கூடும். வெள்ளத்தில் நின்ற சுவர், வெள்ளம் போன பிறகு இடிந்து விழும். ஏன் என்பதை அறிய நீங்கள் வகுப்பில் படித்த திரவ அழுத்தப் பாடமே போதும். அதைக் காண்பதற்கு முன், இத்தகைய வெள்ளம் எங்கே, எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

வடக்கு நோக்கி ஓடும் ஆறு

நமக்கு வெள்ளம் என்றால் மழை. குளிர் நாடுகளில் மழை இல்லாமலும் வெள்ளம் வரும். குளிர்காலம் முழுவதும் பெய்த பனி நிலத்தின் மேல் அப்படியே குவிந்து கிடக்கும். வசந்த காலம் பிறந்து வெயில் ஏறியதும், நான்கைந்து மாதங்களாகச் சேர்ந்தது சில வாரங்களில் உருகி ஓடிவரும். அடியில் உள்ள மண் இன்னும் உறைந்தே இருப்பதால் அந்த நீரைக் குடிக்க அதற்கு வாயில்லை. எல்லாம் ஆற்றுக்கே வந்து சேரும்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா ஆகிய மாநிலங்களுக்கு இடையே எல்லையாக ஓடும் ரெட் ஆறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடிக் கனடாவுக்குள் புகுந்து வினிப்பெக் ஏரியில் கலக்கிறது. தெற்கே வெயில் முதலில் ஏறுகிறது, பனி உருகுகிறது. அந்த நீர் வடக்கே போகும்போது அங்கே ஆறு இன்னும் பனிக்கட்டியாக இருக்கிறது! முன்னே கதவு சாத்தியிருக்கப் பின்னாலிருந்து கூட்டம் நெருக்குவதைப் போன்ற நிலை.

இதனுடன் நிலத்தின் அமைப்பும் சேர்கிறது. பனியுகத்தின் இறுதியில் அங்கே அகாசிஸ் என்னும் மிகப் பெரிய ஏரி இருந்தது. அதன் அடித்தளமே இன்றைய ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தாம்பாளம் போல் தட்டையான நிலம் அது. பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 10 செ.மீ. சரிவுகூட இல்லை. கரை மீறிய நீர் பாய்ந்து ஓட வழியின்றி அகலமாகப் பரவி, மெதுவாகவே வடியும். ஏரியின் அடியில் படிந்த நுண்ணிய களிமண்தான் அங்குள்ள மண். களிமண் நீரை எளிதில் உறிஞ்சாது. உறிஞ்சியதை எளிதில் விடவும் செய்யாது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்வியின் விடை இதில்தான் இருக்கிறது.

1997 ஏப்ரல்

1996-97 குளிர்காலத்தில் அப்பகுதியில் எட்டுப் பனிப்புயல்கள் வீசின. ஃபார்கோ நகரில் அந்தப் பருவத்தில் பெய்த பனி 117 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மீட்டர். கடைசிப் புயல் ஏப்ரல் முதல் வாரத்தில், பனி உருகத் தொடங்கிய வேளையில் வந்தது.

ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் நீர்மட்டம் 28 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. அவ்வாண்டு 49 அடி வரை உயரக்கூடும் என வானிலைத் துறை முன்னறிவித்தது. மக்கள் மணல் மூட்டைகளை அடுக்கிக் கரைகளை உயர்த்தினார்கள். ஆனால் ஆறு 54 அடியையும் தாண்டியது, உச்சம் 54.35 அடி. ஏப்ரல் 18 அன்று கரைகள் மீறப்பட்டன. கிராண்ட் ஃபோர்க்ஸிலும் எதிர்க்கரையில் உள்ள ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸிலும் சேர்த்து 50,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மறுநாள் நீர் சூழ்ந்த நகர மையத்தில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன. சுற்றிலும் நீர், ஆனால் தீயணைப்புக் குழாய்களில் போதிய நீர் அழுத்தம் இல்லை. எரிந்தவற்றுள் உள்ளூர் நாளிதழின் அலுவலகமும் ஒன்று. அப்படியிருந்தும் அவ்விதழ் வேற்றூரில் அச்சிடப்பட்டு ஒரு நாளும் தவறாமல் வெளிவந்தது. அதற்காக 1998இல் புலிட்சர் பரிசு பெற்றது.

நீர் வடிந்ததும் மக்கள் திரும்பினார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை உண்டு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்க் கொதிகலன், மின்சாரப் பெட்டி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த நிலவறைக்குள் இப்போது நாமும் இறங்குவோம். படிக்கட்டின் மேலிருந்து பார்த்தால் போதும். நீரில் கால் வைக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

சுவரின் இரு பக்கங்கள்

திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். 2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 2 × 1000 × 9.8 = 19,600 பாஸ்கல். மேற்பரப்பில் சுழி. ஆகவே சுவரின் மேல் சராசரி அழுத்தம் 9,800 பாஸ்கல்.

நிலவறைச் சுவரின் நீளம் 10 மீட்டர் என்போம். பரப்பு 20 சதுர மீட்டர். வெளியே உள்ள மண், மேல்மட்டம் வரை நீரில் ஊறியிருந்தால் அந்த நீர் சுவரைத் தள்ளும் விசை 9,800 × 20 = 1,96,000 நியூட்டன். இது 20 டன் எடைக்குச் சமம். நான்கு யானைகள் சேர்ந்து சுவரைத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளலாம். மண்ணே தரும் தள்ளுதல் வேறு இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டோம்.

நிலவறைக்குள்ளும் 2 மீட்டர் நீர் நின்றால்? அது அதே 20 டன் விசையுடன் எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் சமன். சுவருக்குத் துன்பம் இல்லை. உள்ளே நிற்கும் அழுக்கு நீர்தான் அந்நேரத்தில் சுவரைத் தாங்கும் முட்டு!

பம்பை ஓட்டி நீரை இறைத்தால் முட்டை எடுத்துவிடுகிறோம். வெளியே, தெருவில் நீர் இல்லைதான். ஆனால் சுவரை ஒட்டிய களிமண்ணுக்குள் நீர் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத வெள்ளம். இன்னும் வடியாத வெள்ளம். மண்துகள்களின் இடைவெளிகளில் தொடர்ச்சியாக நிற்கும் நீரும், தொட்டியில் நிற்கும் நீரைப் போலவே ஆழத்துக்கேற்ற அழுத்தத்தைத் தரும். மண் இருப்பதால் அது குறைந்துவிடாது.

கீழே உள்ள கணக்கைக் கவனியுங்கள். வெளியே மண்ணில் நீர்மட்டம் 2 மீட்டர். உள்ளே நீர்மட்டம் குறையக் குறையச் சுவரின் மேல் நிகர விசை எவ்வளவு?

உள்ளே 2 மீ. - நிகர விசை 0
உள்ளே 1.5 மீ. - 8.75 டன் எடை
உள்ளே 1 மீ. - 15 டன் எடை
உள்ளே 0.5 மீ. - 18.75 டன் எடை
உள்ளே நீர் இல்லை - 20 டன் எடை

பாதி நீரை இறைத்தால் பாதி விசை என்றுதானே நினைப்போம்? இல்லை. பாதி நீரை இறைத்தவுடன் முக்கால் பங்கு விசை வந்துவிட்டது. முதல் அரை மீட்டர் 8.75 டன்னைக் கூட்டுகிறது. கடைசி அரை மீட்டர் 1.25 டன்னை மட்டுமே கூட்டுகிறது. விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். "கொஞ்சம் இறைத்துப் பார்ப்போம், ஒன்றும் ஆகாது" என்று எண்ணுபவர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

தரைத்தளத்தின் நிலை இன்னும் மோசம். நிலவறையின் தளம் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 80 சதுர மீட்டர். அடியிலிருந்து மேல்நோக்கி நீர் தரும் விசை 19,600 × 80 நியூட்டன். அதாவது 160 டன் எடை. 10 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடையோ 20 டன்னுக்கும் குறைவு. தளத்தின் ஓரங்களைச் சுவர்கள் அழுத்திப் பிடித்திருப்பதால் சிறு வேறுபாடுகளை அது தாங்கிவிடும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாங்காது. நடுவில் வீங்கி, வெடித்து, நீர் மேலே பீறிடும்.

பிறகு எப்படித்தான் இறைப்பது? ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்படும் முறை இது. முதலில், வீட்டைச் சுற்றித் தரைமேல் நிற்கும் நீர் முழுவதும் வடியும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் 2 அல்லது 3 அடி மட்டும் இறைத்து, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் கோட்டைப் பார்க்க வேண்டும். நீர் ஏறிக் கோடு மறைந்திருந்தால், வெளியே மண்ணில் நீர்மட்டம் இன்னும் உயரமாக இருக்கிறது என்று பொருள். அது விரிசல்கள் வழியே உள்ளே கசிந்திருக்கிறது. இறைப்பதை நிறுத்தி இன்னும் ஒரு நாள் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். கோடு அப்படியே தெரிந்தால் மேலும் 2 அல்லது 3 அடி இறைக்கலாம். இப்படி நாளுக்குக் கொஞ்சமாக நிலவறை காலியாகும்.

ஒரு சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு இங்கே அழுத்தமானியாக வேலை செய்கிறது. மண்ணுக்குள் நாம் பார்க்க முடியாத நீர்மட்டத்தை அது காட்டிவிடுகிறது. நல்ல சுவர் ஓரளவு விசையைத் தாங்கும்; அந்த அளவுக்குள் நின்று, வெளியே நீர் இறங்கியதா என்று கேட்டுக் கேட்டு முன்னேறுவதே இம்முறை. இடையில் சுவர் உட்புறம் வளைவதாகவோ, புது விரிசல் விடுவதாகவோ தெரிந்தால் பம்பை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், நிலவறையைத் தாமே நல்ல நீரால் நிரப்பிவிடுங்கள் என்றும் அங்கே அறிவுரை கூறப்படுகிறது! எப்படியும் சுவருக்கு முட்டு வேண்டும். அது சாக்கடை கலந்த நீராக இருப்பதைவிடக் குழாய் நீராக இருக்கட்டுமே என்பதுதான் தத்துவம்.

மிதக்கும் பொருள்கள்

சில வீடுகளில் உலைக்கான எண்ணெய்த் தொட்டி நிலவறையிலேயே இருக்கும். 1000 லிட்டர் கொள்ளளவும் 100 கி.கி. எடையும் உள்ள இரும்புத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணெயின் அடர்த்தி நீரில் 0.85 பங்கு. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தால் மொத்த எடை 850 + 100 = 950 கி.கி. தொட்டி மூழ்கினால் இடம்பெயரும் நீரின் எடை 1000 கி.கி. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, நிறைந்த தொட்டிகூட மிதக்கும்! பாதி காலியான தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையுடன் பிணைக்கப்படாத தொட்டி எழும்பும்போது குழாய் ஒடியும். எண்ணெய் நீர்ப்பரப்பில் படலமாகப் பரவும். நீர் இறங்க இறங்க அந்தப் படலம் சுவர் முழுவதையும் பூசிக்கொண்டே இறங்கும். ஆகவே எண்ணெய் மிதக்கும் நிலவறையைத் தெருவில் இறைத்துவிடக் கூடாது. நகராட்சிக்குத் தெரிவித்து எண்ணெயைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

காரும் அப்படியே. காரின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்றால், அடித்தட்டுக்கு மேல் நீர் 10 செ.மீ. உயரும்போது மேல்நோக்கிய விசை 600 கி.கி. எடைக்குச் சமம். 1000 கி.கி. எடையுள்ள கார் 20 செ.மீ. உயரத்துக்குள் மிதக்கத் தொடங்கிவிடும். சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் உராய்வு ஏது? மெல்லிய ஓட்டமே அதை இழுத்துச் சென்றுவிடும். வடியும் நீரில் வேறோர் ஆபத்தும் உண்டு. தார்ச் சாலையின் அடியில் உள்ள மண்ணை நீர் அரித்துக்கொண்டு போயிருக்கும். மேலே சாலை இருப்பது போலவே தோன்றும். அடியில் ஒன்றும் இராது. நீர் மூடிய சாலையில் "நேற்றுப் போனோமே" என்ற நினைவை நம்பி இறங்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு எதிரிகள்

நிலவறை நீரில் கால் வைக்க வேண்டாம் என்றேன் அல்லவா? மின்சாரப் பெட்டி அங்கே மூழ்கியிருக்கலாம். உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். ஓம் விதிப்படி 120 ÷ 1000 = 0.12 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். நீரில் நின்றுகொண்டு மின்விசையை அணைக்க முயல்வது, ஆபத்தை நீக்கப் போய் ஆபத்தையே தொடுவதாகும். மின்வாரிய ஊழியர் வெளியிலேயே இணைப்பைத் துண்டித்த பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். எரிவாயு வாடை வந்தால் விளக்கைப் போடாமல், தீக்குச்சி கிழிக்காமல், வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாவது எதிரிக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் பம்பை ஓட்ட ஜெனரேட்டர் வைப்பார்கள். ஏப்ரலில் அங்கே குளிர் கடுமை. ஆகவே கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டுவாரும் உண்டு. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழுவதில்லை. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாசல் திண்ணையிலோ கார்க் கொட்டகையிலோ வைத்தால் போதாது.

சேறு, பூஞ்சை, காற்று

நீர் போயிற்று. இனி சேறு. அதில் ஆற்று மண் மட்டும் இல்லை. சாக்கடை, எண்ணெய், பூச்சிமருந்து எல்லாம் கலந்திருக்கும். கையுறையும் உயரமான ரப்பர் காலணியும் இன்றித் தொடக் கூடாது. சேற்றை ஈரமாக இருக்கும்போதே வாரி எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் கல்லாக இறுகும், தூசியாகவும் பறக்கும்.

கிருமிநாசினியாகக் குளோரின் கலந்த சலவைத் திரவத்தைப் பயன்படுத்துவர். சேற்றின் மேலேயே அதைத் தெளித்தால் பயன் இல்லை. சேற்றில் உள்ள கரிமப் பொருள்களுடன் வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துவிடும்; கிருமிக்கு மிஞ்சாது. முதலில் வாருதல், பிறகு சோப்பு நீரால் கழுவுதல், அதன் பிறகே குளோரின். அளவு: சுமார் 4 லிட்டர் நீருக்கு ஒரு கோப்பைக்கு, அதாவது 240 மி.லி.க்கு, மேற்படக் கூடாது. அம்மோனியாவோ அமிலமோ உள்ள வேறு துப்புரவுத் திரவத்துடன் அதைக் கலந்தால் நச்சுவாயு வெளிப்படும். "இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு பலன்" என்னும் எண்ணம் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது.

அடுத்தது பூஞ்சை. ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது வளரத் தொடங்கிவிடும். அங்குள்ள வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் அட்டைகளால் ஆனவை. வெள்ளம் 50 செ.மீ. உயரம் நின்றது என்றால், ஈரமும் 50 செ.மீ. உயரம்தான் என்று எண்ணாதீர்கள். நுண்துளைகள் வழியே நீர் மேலே ஏறும்; நுண்புழை ஏற்றம் என்று நீங்கள் படித்தது இதுதான். ஆகவே நீர்க்கறைக்கும் மேலே, ஈரம் தெரியும் இடம் வரை அட்டையை வெட்டி எடுக்கிறார்கள். அதன் பின்னால் உள்ள பஞ்சுப் பொதியையும் எடுத்துவிட்டு, மரச்சட்டங்கள் நன்கு உலரும்வரை மூடுவதில்லை.

உலர்த்துவதிலும் இயற்பியல் உண்டு. 5 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 கிராம். 20 டிகிரியில் 17 கிராம். வெளியே உள்ள குளிர்ந்த வசந்தக் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கிட்ட இறங்கிவிடும். ஒவ்வொரு கன மீட்டரும் மேலும் 10 கிராம் நீராவியை வாங்கிக்கொள்ளும். அதை வெளியேற்றிப் புதுக் காற்றை விட வேண்டும். சன்னலைச் சாத்திக்கொண்டு சூடாக்கினால் ஈரம் உள்ளேயே சுற்றும்.

கோடையில் இதே வேலை தலைகீழாகும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் என்றால் காற்றில் 21 கிராம் நீராவி உண்டு. 15 டிகிரி குளிரில் உள்ள நிலவறைக்குள் அக்காற்று புகுந்தால் 13 கிராம்தான் தாங்கும். மீதி 8 கிராமும் சுவரில் வியர்வையாக வடியும். உலர்த்தத் திறந்த சன்னலே ஈரத்தைக் கொண்டுவரும்! சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை வெப்பமானியையும் ஈரமானியையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டின் வேலையன்று

இதுவரை ஒரு வீட்டைப் பற்றியே பேசினோம். ஆனால் மண்ணுக்குள் உள்ள நீருக்கு வேலி தெரியாது. ஒருவர் தம் நிலவறை நீரை இறைத்துப் பக்கத்துச் சுவரோரம் விட்டால், அது அடுத்த வீட்டின் மண்ணில் இறங்கி அவர் சுவரைத் தள்ளும். கழிவுநீர்க் குழாயில் விட்டாலோ, நிரம்பிய குழாய் தாழ்வான வீட்டின் நிலவறையில் பின்னோக்கிப் பொங்கும். யார் எப்போது, எங்கே இறைப்பது என்பதைத் தெருவே கூடி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கழிக்கும் பொருளும் அப்படியே. பெயிண்ட், பூச்சிமருந்து, மின்கலம் ஆகியவை ஒரு குவியல். குளிர்சாதனப் பெட்டி போன்றவை ஒரு குவியல். நனைந்த மரம், மெத்தை, அட்டை ஒரு குவியல். கலந்து போட்டால் நச்சுப் பொருள் குப்பைமேட்டுக்குப் போய், அங்கிருந்து நிலத்தடி நீருக்கும் போகும். வாய்க்கால் மேல் குவித்தால் அடுத்த மழைக்கு அதுவே புதிய அணை. குழாய் நீர் தூயது என்று நகராட்சி அறிவிக்கும்வரை, குடிநீரைக் குறைந்தது 1 நிமிடம் நன்கு கொதிக்கவிட வேண்டும். தனியே வாழும் முதியவரின் கதவைத் தட்டுவதும், இரவில் ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதும் சாதனம் எதுவும் வேண்டாத, ஆனால் உயிர் காக்கும் வேலைகள்.

கிராண்ட் ஃபோர்க்ஸ் மக்கள் மேலும் ஒன்று செய்தார்கள். ஆற்றங்கரையில் இருந்த பல வீடுகளை அதே இடத்தில் திரும்பக் கட்டவில்லை. கரைகளைப் பின்னே தள்ளி அமைத்து, நடுவில் சுமார் 2200 ஏக்கர் நிலத்தைப் பூங்காவாக ஆற்றுக்கே விட்டுவிட்டார்கள். ஆறு அகன்று ஓட இடம் கிடைத்தது. 2009இலும் 2011இலும் நீர்மட்டம் 49 அடியைத் தாண்டியபோதும் நகரம் தப்பியது.

செய்து பாருங்கள்

1. அகன்ற வாளி ஒன்றில் மணலை இட்டு, தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதன் விளிம்பு மட்டும் தெரியுமாறு புதையுங்கள். டப்பா காலியாக இருக்கட்டும். மணலில் மெதுவாக நீர் ஊற்றி மேல்மட்டம் வரை ஊறவிட்டு, வாளியின் பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். டப்பா என்ன செய்கிறது? அடுத்து, டப்பாவில் நீர் நிரப்பி இதையே செய்யுங்கள். மணலின் மேற்பரப்பில் நீர் தேங்கியிருக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. வகுப்பில் எழுதும் சுண்ணக்கட்டியும் பெரும்பாலும் ஜிப்சமே. மை கலந்த நீரில் 1 செ.மீ. ஆழத்தில் அதை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் ஏறும் உயரத்தைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

சிந்தியுங்கள்

1. நிலவறைச் சுவர் 8 மீட்டர் நீளம். வெளியே நீர்மட்டம் 1.5 மீ.; உள்ளே 0.5 மீ. சுவரின் மேல் நிகர விசை எத்தனை டன் எடை?

2. நம் வீடுகளில் நிலவறை இல்லை. ஆனால் தரையடித் தண்ணீர்த் தொட்டி உண்டு. ஒரு தொட்டியின் வெளிக் கன அளவு 7 கன மீட்டர். கான்கிரீட்டின் எடை 5 டன். பெருமழைக்குப் பின் சாக்கடை நீர் தொட்டியில் புகுந்துவிட்டது. சுற்றிலும் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நிற்கிறது. "உடனே முழுவதும் இறைத்துக் கழுவிவிடுவோம்" என்கிறார் வீட்டுக்காரர். மண்ணின் பிடிப்பை நம்பாமல், நீங்கள் என்ன சொல்வீர்கள்? தொட்டியில் குறைந்தது எவ்வளவு நீர் இருக்க வேண்டும்?

3. சாலையில் ஓடும் நீரின் ஆழம் பாதியாகிவிட்டது. ஆனால் வேகம் இரு மடங்காகிவிட்டது. நடப்பவரின் காலைத் தள்ளும் விசை கூடுமா, குறையுமா?

விடைகள்: 1. 8 டன் எடை. 2. காலித் தொட்டியின் மேல்நோக்கிய விசை 7 டன் எடை. ஆகவே தொட்டி மேலெழும்பி, குழாய்கள் ஒடியக்கூடும். குறைந்தது 2000 லிட்டர் நீர் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் இறங்கிய பின் முழுவதும் இறைக்கலாம். அதுவரை அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. 3. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அரைப் பங்கு × 4 = 2; விசை இரு மடங்காகும்.

முதல் கேள்விக்குத் திரும்புவோம். பம்பு வைத்திருக்கும் அந்த வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? இப்போது விடை உங்களிடமே இருக்கிறது. இரண்டாம் வினாவில் வரும் தொட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்த விடையை இன்றே பெரியவர்களிடம் கூறி வையுங்கள். அடுத்த பெருமழையன்று அது பயன்படும்.